உன் வரவேற்பில் அந்தப் பொம்மைப் படம்

வசந்தி,

நேற்று நீ போனை வைத்த பிறகும் நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேனாம். உன் அம்மா சொல்கிறாள். "இன்னாங்க, பொண்ணு இன்னா சொல்லிச்சு? மாப்ள ஊட்ல எதுனா பிரச்சனையா?" என்று ஈரக் கையோடு ஓடிவந்தாள். பிரச்சனை ஒன்றும் இல்லை, வரவேற்பு அன்றைக்கு மன்றத்துப் புரொஜெக்டரில் பழைய பொம்மைப் படத்தைப் போடச் சொல்கிறாள் என்றேன். "எந்தப் பொம்மப் படம்?" என்றாள். "அதுதான்" என்றேன். அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்து போயிருந்தது.

எனக்குப் போனில் பேச வராது என்பது உனக்கே தெரியும். நீ கோயம்புத்தூரிலிருந்து எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்பேன். நேற்றும் அப்படித்தான் மூன்று நான்கு முறை சரி சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அதனால் இந்தக் கடிதம். இதை உன் அம்மா படிப்பாள், என் சிநேகிதன் கோதண்டமும் கேட்டு வாங்கிப் படிப்பான், நீ விரும்பினால் மாப்பிள்ளைக்கும் காட்டு. ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அப்பா மகளுக்கு எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும். எனக்கோ புத்தி சொல்கிற நிலைமை இல்லை. குழம்பிப் போய்க் கிடக்கிறேன். குழப்பத்தையே அப்படியே எழுதிவிடுகிறேன், அதில் உனக்கு உதவுகிற மாதிரி ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்.

அந்த ரீல் நம்மிடம் வந்த கதை உனக்குத் தெரியாது, அப்போது நீ கைக்குழந்தை. நம் குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்துக்கு ஒரு பழைய புரொஜெக்டர் ஏலத்தில் வந்தது. யாருக்கும் அதை ஓட்டத் தெரியாது. பேக்டரியில் ராணுவ டாங்கி என்ஜினையே பிரித்து மாட்டுகிறவன், இதென்ன பெரிய வித்தை என்று நான் முன்னால் போனேன். அன்றைக்குப் பிடித்தவன்தான், அப்புறம் ஆவடியில் எங்கே போனாலும் "ஆபரேட்டர் சார்" என்றே பேர் ஆகிவிட்டது. மெஷினோடு ஒரு தகர டப்பாவும் வந்தது. அதற்குள் இருந்தது ஒரே ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன். சனிக்கிழமை மைதானத்தில் வேட்டித் துணித் திரையைக் கட்டி, வாடகைக்கு எடுத்த படத்தைப் போடுவதற்கு முன்னால், கூட்டம் சேருகிற வரைக்கும் அந்தக் கார்ட்டூனைத்தான் ஓட்டுவோம். வேறு கார்ட்டூன் கிடையாது. அதனால் எல்லாச் சனிக்கிழமையும் அதே படம். பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்.

மாப்பிள்ளைக்குக் காட்டினால் அவருக்கும் புரியட்டும் என்று கதையை எழுதுகிறேன். ஒரு வெள்ளைக்காரப் பையன் தன் நாய்க்குட்டியோடு ஒரு தீவில் வந்து ஒதுங்குவான். அங்கே இருக்கிற ஜனங்களை எப்படி வரைந்திருந்தார்கள் என்று உனக்கு நினைவிருக்கும். தார் பூசியது போன்ற கறுப்பு, தட்டு அளவு உதடு, தலைமுடியில் ஒரு எலும்பு, இடுப்பில் புல். வாயைத் திறந்தால் "ஊகா, ஊகா" என்று மட்டும்தான் வரும். அதில் ஒரு பொடியன். அவன் நாய்க்குட்டியோடு மல்லுக்கட்டி வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு ஓட, வெள்ளைக்காரப் பையன் தடியோடு துரத்துவான். இருட்டிவிடும். இருட்டில் பொடியனுடைய இரண்டு கண்ணும் ஒரு வரிசைப் பல்லும் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். மைதானமே உருண்டு சிரிக்கும். கடைசியில் நாய்க்குட்டி பெரிதாகக் குரைக்கும், தீவு ஜனம் மொத்தமும் பயந்து ஓடும், கப்பல் வந்து பையனை ஏற்றிக்கொண்டு போகும். அவ்வளவுதான் படம்.

நாங்களும்தான் சிரித்தோம். இதை நினைத்தால்தான் எனக்கு முதல் குழப்பம். தர்மபுரியிலிருந்து வந்த நான், மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், நெல்லைக்காரர்கள், ஆர்க்காட்டுக்காரர்கள் என்று அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் சிவப்பு? வெயிலில் நின்று வெல்டிங் வைக்கிற கூட்டம். ஆனாலும் அந்தத் திரையைப் பார்க்கிறபோது நாங்கள் எல்லோரும் எங்களை அந்த வெள்ளைக்காரப் பையன் என்றே நினைத்துக்கொண்டோம். உன் அம்மா மட்டும் ஒருநாள் சேலை முந்தானையால் கொசுவை விரட்டிக்கொண்டே கேட்டாள், "அதுங்க கலரு நம்ம கலருதானே, இன்னாத்துக்கு இப்டி விழுந்து விழுந்து சிரிக்கறீங்கோ?" அவள் இங்கே பக்கத்தில் பருத்திப்பட்டைச் சேர்ந்தவள், எதையும் பட்டென்று கேட்டுவிடுவாள். படம் ரசிக்கத் தெரியாதவள் என்று நான் அவளைக் கிண்டல் செய்தேன்.

பிறகு நீ வளர்ந்தாய். என் நிறம் உனக்கு வந்தது, அதற்கும் மேலே கொஞ்சம் வந்தது. குவார்ட்டர்ஸில் கரண்ட் போனால் பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவருவார்கள் அல்லவா, அப்போது நம் எதிர் பிளாக் சேகர் ஆரம்பித்து வைத்தான். "ஊகா எங்கடி இருக்க? பல்லக் காட்டு, தெரியட்டும்!" அதைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளும் கத்தின. கரண்ட் வந்த பிறகும் பேர் போகவில்லை. பள்ளிக்கூட வேனில் ஊகா, தண்ணீர்க் குழாயில் ஊகா. இத்தனைக்கும் நீ ஒருநாளும் வந்து என்னிடம் சொன்னதில்லை. உன் அம்மாதான் சொன்னாள். "அந்தப் படத்த நிறுத்துங்க. நம்ம பொண்ண இன்னான்னு கூப்புடுதுங்க தெரியுமா? நீங்க மெஷின் ஓட்டிகினு நின்னா ஒண்ணும் தெரியாது." எனக்கு ரத்தம் கொதித்தது. யாரை அடிப்பது? சேகருக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும்.

படத்தையே நிறுத்தலாம் என்றால் மன்றத்தில் இருப்பதே ஒரு கார்ட்டூன். கமிட்டியில் காரணம் கேட்பார்கள். என் பெண்ணைக் கேலி செய்கிறார்கள் என்று பத்துப் பேர் நடுவில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரீலை வீட்டுக்கு எடுத்து வந்து, அந்த இருட்டுக் காட்சியை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் சுரண்டி, பிலிம் சிமென்ட் என்கிற பசையை வைத்து ஒட்டினேன். ஒட்டு வெகு சுத்தம். யாருக்கும் தெரியாது என்று எனக்குள்ளேயே மெச்சிக்கொண்டேன். நீ அப்போது கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். என்ன செய்கிறேன் என்று கேட்டாய். ரிப்பேர் என்றேன்.

எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடமான படத்தில் வெட்டினால் தெரியாமல் இருக்குமா? பேக்டரியில் இத்தனை வருஷம் வேலை பார்த்த மூளைக்கு அது எட்டவில்லை பார். அடுத்த சனிக்கிழமை பொடியன் ஓடுகிறான், தடி துரத்துகிறது, அத்தனை பிள்ளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்காகக் காத்திருக்கின்றன, சடக்கென்று நாய்க்குட்டி குரைக்கிறது. "கட்டு! கட்டு!" என்று சினிமாக் கொட்டகையில் கத்துவது போல மைதானமே கத்தியது. விசில். "ஆபரேட்டர், படத்த முழுங்கிட்டியா?" நான் விளக்கைப் போடுவதா ஓட்டுவதா என்று தடுமாறிக்கொண்டிருக்கிறபோது சேகர் எழுந்து நின்று, "படத்துல இல்லன்னா இன்னாடா, நம்மகிட்டதான் ஊகா கீதே!" என்றான். நாலைந்து பிள்ளைகள் உன்னைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் திரைக்கு முன்னால் நிறுத்தின. மெஷின் வெளிச்சம் உன் மேல் அடித்தது. நீ கண்ணை அகலமாக விரித்துப் பல்லைக் காட்டினாய். படத்துக்குச் சிரித்ததை விட அன்றைக்குப் பலமாகச் சிரித்தார்கள்.

வசந்தி, அன்றைக்கு நீ சிரித்துக்கொண்டு நின்றாயா, அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் இருந்த தூரத்துக்கு உன் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன, துணியில் உன் நிழல் பெரிதாக நின்றது. வீட்டுக்கு வருகிற வழியில் கேட்டேன். "ஜாலியா இருந்துச்சுப்பா" என்றாய். நான் நம்பினேன். நம்பத்தான் எனக்கு ஆசை. அதே வாரத்தில் உன் அம்மா உனக்குப் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள், கொஞ்சம் வெளுக்கும் என்று. ஆவடி மார்க்கெட்டிலிருந்து அந்த மஞ்சளை வாங்கி வந்தவன் நான். படத்தை வெட்டிய கையாலேயே அதையும் வாங்கி வந்திருக்கிறேன் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து நீ திரைக்குப் பின்னால் போய் உட்கார ஆரம்பித்தாய். மன்றத்து ஆட்கள் முன்பக்கம் பெஞ்சிலும் பாயிலும் உட்காருவார்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பழைய ஊர் ஜனம், சந்தா கட்டாதவர்கள், உடைந்த மதில் வழியாக வந்து திரைக்குப் பின்பக்கம் மண்ணில் உட்காருவார்கள். மெல்லிய துணி என்பதால் படம் அங்கேயும் தெரியும், இடம் வலமாக மட்டும் திரும்பித் தெரியும். ஏம்மா அங்கே போய் உட்காருகிறாய் என்றதற்கு, "எழுத்தெல்லாம் திருப்பிப் போட்டு வரும்பா, நல்லாருக்கும்" என்றாய். பெண்ணுக்குப் புத்தி வித்தியாசமாக வேலை செய்கிறது என்று கோதண்டத்திடம் பெருமையாகச் சொன்னேன். கொஞ்ச காலத்தில் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது, சனிக்கிழமைக் கூட்டம் கரைந்தது, மெஷின் மன்றத்து அலமாரிக்குள் போனது. ஊகா என்ற பேரும் பிள்ளைகளோடு சேர்ந்து பெரிதாகிக் காணாமல் போனது. போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள் இல்லையா. காபி குடித்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்கள், "நெறந்தான் கொஞ்சம் மட்டு. மத்தபடி நல்ல களையான மொகம்." நல்ல மனுஷிதான், மனதில் வைத்துக்கொண்டு சொன்னதாகத் தெரியவில்லை. நீ சிரித்தாய். பல் தெரியச் சிரித்தாய். எனக்கு அப்படியே அந்த மைதானத்துக்குப் போனது போல ஆகிவிட்டது. அதே நிழல். இப்போது சொல், அந்த அம்மா, அவர்களுடைய சொந்தம், அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருக்கிற உன் வரவேற்பில் நான் அந்தப் படத்தைப் போட்டு, அதில் இருட்டில் இரண்டு கண்ணும் பல்லும் மிதந்தால், நீ போகிற வீட்டில் உனக்கு என்ன பேர் காத்திருக்கும்? உன்னை இங்கே சுற்றி வந்த அந்தப் பேரை நானே வரிசைத் தட்டோடு சேர்த்து அனுப்பிவைத்த மாதிரி ஆகாதா? எனக்கு இருக்கிற பயம் இதுதான். வேறு எதுவும் இல்லை.

மெஷினைக் கேட்க மன்றத்துக்குப் போனேன். இப்போது செயலாளர் யார் தெரியுமா, அதே சேகர். அப்பா வேலையே அவனுக்கும் கிடைத்து, குவார்ட்டர்ஸிலேயே இருக்கிறான், ஒரு பெண் குழந்தை வேறு. மெஷின் தாராளமாக எடுத்துக்குங்க அங்கிள் என்றவன், என்ன படம் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டான். "வேணாம் அங்கிள். இப்ப அதெல்லாம் போடக் கூடாது. கறுப்பா இருக்கறவங்கள அசிங்கமா காட்டற படம் அது. சின்னப் பசங்க மனசுல பதிஞ்சிரும்" என்றான். உன் மனசுல பதிஞ்சுதா என்று கேட்டேன். அவன் மேஜை மேலிருந்த பேனாவைத் திறந்து திறந்து மூடினான். "வசந்தி வேணாம்னு சொல்லலையா அங்கிள்?" என்றான். அவள்தான் போடச் சொல்கிறாள் என்றேன். அவன் கண் கலங்கியது. அவன் சொன்னது சரிதான், ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. ஆனால் அந்தப் படத்தை மறுபடி பார்க்காமல் இருப்பது உன்னைவிட அவனுக்குத்தான் வசதி என்றும் எனக்குத் தோன்றியது. அப்படி நினைப்பது நியாயமா என்றும் தெரியவில்லை. பாவம், அப்போது குழந்தை அவன்.

கோதண்டத்திடம் கேட்டேன். அவன்தான் உனக்குத் தெரியுமே, அம்பத்தூரிலிருந்து சைக்கிளில் வந்து எனக்கு மெஷினில் ஒத்தாசை செய்தவன். "அட இன்னா அண்ணாத்தே, ஒரு பொம்மப் படத்துக்குப் போயி இம்மாம் யோசன பண்ணிகினு கீற! நாமெல்லாம் அத்த பாத்துகினுதானே இருந்தோம், கெட்டா பூட்டோம்?" என்றான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. டீ வந்தது. டீயை ஆற்றிக்கொண்டே அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான். அவன் பையனுக்குப் பெண் தேடுகிறார்களாம், திருமழிசைப் பக்கம் ஒரு நல்ல இடம் வந்ததாம். "போட்டோவப் பாத்துட்டு கறுப்பா கீது வேணாம்னுட்டான் அண்ணாத்தே. இவன் இன்னாமோ பால்ல குளிச்சி வந்தவன் மாதிரி!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான். கோதண்டமும் அவன் பையனும் எந்த நிறம் என்று நான் எழுத வேண்டியதில்லை. நான் அவனையே பார்த்தேன். அவனுக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்திவிட்டு டீயைக் குடித்து முடித்தான்.

போடக் கூடாது என்பவன் சொல்வது சரியாக இருக்கிறது, போடலாம் என்பவன் சொல்வதும் சரி போல இருந்து இல்லாமல் போகிறது. படத்தை வெட்டியும் பார்த்துவிட்டேன், கேலி நிற்கவில்லை, கூடத்தான் செய்தது. வெட்டாமலே விட்டிருந்தால் நின்றிருக்குமா, அதுவும் இல்லை. பெண் பார்க்க வருகிற அம்மாக்கள் யாரும் அந்தக் கார்ட்டூனைப் பார்த்தவர்கள் கிடையாது. அப்படியானால் குற்றம் படத்தில் இல்லையா? இருக்கிறது. அந்த உதட்டையும் எலும்பையும் வரைந்தவன் அன்பினால் வரைந்திருக்க மாட்டான். இப்படி நான் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வருகிறேன். இதற்கு நடுவில் நீ நேற்றுப் போனில் சொன்னதும் காதிலேயே நிற்கிறது.

நான் சரியாகக் காதில் வாங்கினேனா என்று பார்க்க, நீ சொன்னதையே திருப்பி எழுதுகிறேன். "அப்பா, நான் ஏன் பின்னாடி போய் உக்காந்தேன் தெரியுமா? முன்னாடி உக்காந்தா அந்தப் பொடியன் வரும்போதெல்லாம் எல்லாரும் திரும்பி என்னப் பாப்பாங்க. அந்தப் பக்கம் யாரும் திரும்ப மாட்டாங்க. அங்க எல்லாரும் என் கலருதான். ஒரு அக்கா வேர்க்கடலை உரிச்சு உரிச்சு என் கையில குடுப்பாங்க. அந்தப் பொடியன் வந்தா, 'தோ வந்துட்டான் பாரு நம்மாளு'ன்னு கைதட்டுவாங்க. அங்கதான்பா நான் அந்தப் படத்தப் பாத்து மொத மொதல்ல சிரிச்சேன்." அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "ஆனா அதுக்குள்ள நீங்க அந்த இருட்டு சீன வெட்டிட்டீங்க. அவன் தப்பிக்கிற சீன் அது. கண்ண மூடி வாயையும் மூடிக்குவான், அந்தத் தடிப்பயலால கண்டுபிடிக்கவே முடியாது. வாழைத்தாரோட போய்டுவான். எனக்குப் புடிச்சதே அதுதான். அந்தப் பக்கத்துலேருந்து நான் அதப் பாத்ததே இல்ல. முழுசாப் போடுங்கப்பா. வேணுமா வேணாமான்னு அன்னிக்கும் நீங்கதான் முடிவு பண்ணீங்க, என்னக் கேக்கவே இல்ல." அதற்குத்தான் நான் சரிம்மா என்றேன்.

வெட்டிய துண்டை நான் தூக்கிப் போடவில்லை. ஆபரேட்டர் வேலை பார்த்தவன் பிலிமைக் குப்பையில் போட மாட்டான். பிஸ்கட் டின்னில் நட்டு போல்ட்டோடு கிடந்தது. இன்று காலையில் எடுத்தேன். புளித்த வாசனை அடிக்கிறது, சுருண்டு கிடக்கிறது, ஓரத்துத் துளைகள் சில கிழிந்திருக்கின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். கண்ணும் பல்லும் மிதக்கிற கட்டங்கள். அப்புறம் கண் மூடுகிறது. பல் மறைகிறது. அதற்குப் பிறகு ஒரு முழம் நீளத்துக்கு வெறும் கறுப்பு. அன்றைக்கு வெட்டுகிறபோது அதைப் பழுதான பிலிம் என்று நினைத்தேன். இன்றைக்குப் பார்க்கிறேன், அது பழுது இல்லை. அவன் அதற்குள்தான் நிற்கிறான். கண்ணுக்கும் பல்லுக்கும் நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, அவன் கண்ணை மூடியதைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். உன் பங்குக்கு அந்தப் படத்தில் இருந்தது இந்த ஒரு முழம். கேலியிலிருந்து உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வெட்டி எடுத்தது அதைத்தான்.

அதற்காக என் பயம் போய்விடவில்லை. நீ பார்த்ததை உன் மாமியார் பார்ப்பார்கள் என்று என்ன நிச்சயம்? முன்பக்கத்தில் உட்காருகிறவர்கள் கண்ணையும் பல்லையும்தான் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், யாராவது ஒரு பிள்ளை திரும்பி உன்னைப் பார்க்கும். நீ பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டுவாயா என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்? மாட்டேன் என்றுதான் சொல்வாய் என்று நினைக்கிறேன். அப்படியானால் உனக்கு மட்டும் ஏன்? ஊரில் இருக்கிற இந்த மாதிரி பழைய படங்களை எல்லாம் போடுவதா, பூட்டி வைப்பதா, போட்டுவிட்டு நடுவில் நிறுத்தி இது தப்பு என்று மைக்கில் சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. என்னைவிடப் படித்தவர்கள் யோசிக்கட்டும். எனக்கு இந்த ஒரு ரீலைப் பற்றித்தான் கேள்வி, அதற்கே பதில் வரவில்லை.

புத்திமதி ஒன்றாவது எழுத வேண்டும் அல்லவா, எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடு. ஊகா என்ற பேரையும் சொல். கேட்டுவிட்டு அவர் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார் என்று கொஞ்சம் பொறுத்துப் பார். உனக்கு நல்லது செய்கிறேன் என்று அவர் எதையாவது உன்னைக் கேட்காமலே செய்ய வந்தால், கையைப் பிடித்து நிறுத்திக் கேள். என்னை அந்த வயதில் உன்னால் கேட்க முடியவில்லை. அவரை நீ கேட்கலாம். நீயும் நாளைக்குப் பிள்ளை பெற்றால், பயத்தமாவைக் குளிக்க மட்டும் தேய்.

துண்டை ஒட்டிவிட்டேன். கிழிந்த துளைகளுக்கு ஒட்டுப் போட்டு, ரீலைச் சுற்றி, கையாலேயே ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். தாங்கும். பிலிம் கெட்டுப்போய்விட்டது என்று உன்னிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது, சொல்லவில்லை. உன் அம்மா வந்து பார்த்தாள். "அவ கேட்டா போட்ருங்க. ஆனா இந்தவாட்டியும் மெஷின் பக்கத்துலயே போயி நின்னுகினு இருக்காதீங்க" என்றாள். எவ்வளவு வருஷமாக மனதில் வைத்திருந்தாளோ.

அவள் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. காலையில் திருவேற்காட்டில் தாலி கட்டி முடித்து, சாயங்காலம் வரவேற்புக்கு இங்கே வந்துவிடுவோம். இருட்டியதும் மைதானத்தில் திரை கட்டுவோம். கோதண்டம் மெஷின் ஓட்டட்டும், அவனிடம் சொல்லிவிட்டேன். நான் திரைக்குப் பின்னால் ஜமுக்காளம் விரித்து வைக்கிறேன். மணப்பெண் மாலையோடு திரைக்குப் பின்னால் உட்காரக் கூடாது என்று எந்த ஐயரும் சொன்னதில்லை. மாப்பிள்ளையையும் கூப்பிடு. அவர் எந்தப் பக்கம் வந்து உட்காருகிறார் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். மதிலுக்கு அந்தப் பக்கத்து ஜனங்களில் இன்னும் இருக்கிறவர்களை உன் அம்மா போய் அழைத்துவிட்டு வந்தாள், உடைந்த மதிலைக் கட்டிவிட்டார்கள் என்பதால் இந்த முறை வாசல் வழியாகவே வருவார்கள். வேர்க்கடலை வாங்கி வைத்திருக்கிறேன்.

இத்தனை காலம் மெஷின் பக்கம் நின்ற எனக்கு நீங்கள் எல்லோரும் வெறும் பின்மண்டைகள்தான். அந்தப் படம் ஓடுகிறபோது உன் முகம் எப்படி இருக்கும் என்று நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் படத்தைப் பார்க்கப் போவதில்லை, உன்னைத்தான் பார்ப்பேன். உனக்குக் கஷ்டமாக இருந்தால் ஒரு பார்வை போதும், எழுந்து போய் மெஷினை நிறுத்துவேன், யார் கட்டு கட்டு என்று கத்தினாலும் கவலை இல்லை. ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு வழி தெரியவில்லை. அவன் கண்ணை மூடிக்கொள்கிற இடம். திரை முழுக்கக் கறுப்பாகிவிடும், உன் முகமும் எனக்குத் தெரியாது. அப்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்ளம்மா.

அப்பா